கட்டத்தாளில் வேதாளம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டுதோறும் இம்மேடையிலே புலவர் பெருமக்கள் பேசக் கேட்டிருக்கிறோம். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இருபது ஆண்டுகளாக ரயில்வே அலுவலகத்திலே சம்பளப் பட்டியலின் கூட்டலைச் சரிபார்ப்பதே என் தொழில். "நீர் என்ன பேசுவீர்?" என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, "கம்பளிப் பின்னலைப் பற்றிப் பேசுவேன்" என்றேன். அவர் சற்றே திகைத்தார். உங்களிலும் சிலர் முகத்தில் இப்பொழுது அதே திகைப்பைக் காண்கிறேன். பின்னல் பெண்டிர் வேலையாயிற்றே, இவருக்கு இதிலே என்ன என்பது உங்கள் ஐயம். ஊசி என் மனைவியின் கையிலேதான் இருக்கிறது. கணக்கு என்னிடம் இருக்கிறது. ஒரு பின்னல் மாதிரியை வகுப்பதிலே பாதிக்கு மேல் கணக்கு என்பதை நான் கண்டுகொண்ட கதையையும், சென்ற ஆண்டு நம் காலனியில் நடந்த கைவினை மாற்றையும், அதனையொட்டி உங்களிடம் கேட்க வேண்டிய ஓர் உதவியையும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்தவனுக்கு அம்பாலாவின் தை மாதம் எப்படியிருக்கும் என்பதை இங்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு குடும்பமும் அறியும். நாங்கள் வந்த முதற் குளிர்காலத்தில் ஒரு போர்வைக்குள் இருவரும் ஒடுங்கியிருந்தோம். பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு மூதாட்டி வந்து, என் மனைவியின் கையில் இரண்டு ஊசிகளையும் ஓர் உருண்டை நூலையும் வைத்து, "சீதா, உல்டா, சீதா, உல்டா" என்று தொடங்கினார். ஒரு சொல்லும் புரியாத நிலையிலே ஒரு மாதத்தில் என் மனைவி ஒரு மப்ளர் முடித்தாள். அந்த மூதாட்டியை இக்காலனியில் அறியாதார் இல்லை. எல்லோருக்கும் அவர் 'பீஜி'. என்னை அவர் 'புத்தர்' என்றே அழைப்பார். பஞ்சாபியிலே அதற்கு மகன் என்று பொருள். போதிமரத்தடிப் பெருமானோடு அதற்குத் தொடர்பில்லை. தமிழ்நாட்டிலிருந்து விருந்தினர் வந்திருக்கும்போது இதை விளக்கவேண்டியிருக்கிறது.

பின்னலைக் கண்டு மிரளும் நம் பெண்மக்களுக்கு முதலில் ஒன்று சொல்லுவேன். மாதிரி வகுக்கும் கலை உங்களுக்குப் புதிதன்று. வாசலிலே பதினைந்து புள்ளி வைத்து, ஊடுபுள்ளியாக எட்டில் நிறுத்தி, அன்னப்பறவைகளைச் சுற்றிலும் அமரச் செய்கிறீர்களே, அஃது என்ன? எண்ணிக்கையின்மேல் ஓர் உருவத்தை ஏற்றுவதுதானே! ஊசியின்மேல் ஏறும் ஒவ்வொரு சுருக்கையும் கண்ணி என்று வைத்துக்கொண்டால், ஒரு கண்ணிக்கு ஒரு கட்டம் என்று கட்டத்தாளிலே நிரப்புவதே பின்னலின் மாதிரிப்படம். கோலம் போடத் தெரிந்தவளுக்கு அதில் முக்காற்பங்கு முன்பே தெரியும்.

எஞ்சிய காற்பங்கிலேதான் சூழ்ச்சி இருக்கிறது. கோலப்புள்ளிகள் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே இடைவெளி கொண்டவை. பின்னற்கண்ணியோ உயரத்தைவிட அகலம் மிக்கது. நடுத்தரப் பருமனுள்ள நூலை எடுத்து, ஒரு வரிசை சீதா, ஒரு வரிசை உல்டா என்று பின்னிப் பாருங்கள். ஓரங்குலத்தில் ஏறத்தாழ 5 கண்ணிகள் அடங்கும். வரிசைகளோ 7 அடங்கும். ஆகவே, சாதாரணக் கட்டத்தாளிலே 20 கட்ட அகலமும் 20 கட்ட உயரமுமாக முழுநிலா ஒன்றை வரைந்து அப்படியே பின்னினால், அகலம் 4 அங்குலம் வரும். உயரம் 3 அங்குலத்துக்கும் குறைவாகவே வரும். நிலா பூசணிக்காயாய்ச் சப்பிவிடும். நிலா நிலாவாகவே வரவேண்டுமானால், 20 கட்ட அகலத்துக்கு 28 கட்ட உயரம் கொடுத்துத் தாளிலே அதை முட்டையாக வரையவேண்டும். தாளில் பிழையாய்த் தோன்றுவது துணியிலே சரியாய் வரும். இதை முதன்முதல் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, ஆண்டுக்கணக்கு ஒரே முயற்சியில் ஒத்துப்போகும் நாளிலேகூட உண்டாவதில்லை.

அவரவர் கை இறுக்கம் வேறு. நூலின் பருமன் வேறு. ஊசியின் அளவு வேறு. ஆதலால் எதையும் தொடங்குமுன் நான்கங்குலச் சதுரத்தில் ஓர் அளவுத்துண்டு பின்னி, கண்ணியையும் வரிசையையும் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இதை வீண்வேலை என்று கருதுவோர் பலர். பீஜி மட்டும் துண்டு பின்னுவதில்லை. நூலை விரலிடையே உருட்டிப் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடுவார். ஐம்பது ஆண்டுகள் பின்னியவர்களுக்கு அந்த உரிமை உண்டு. மற்றவர்கள் துண்டு பின்னியே ஆகவேண்டும்.

எண் கைக்கு வந்துவிட்டால் சட்டை கணக்குக்குள் வந்துவிட்டது என்று பொருள். மார்பு 24 அங்குலமுள்ள குழந்தைக்குத் தளர்ச்சிக்கென 2 அங்குலம் சேர்த்து 26 என்போம். அங்குலத்துக்கு 5 வீதம் 130 கண்ணிகள். எலிசபெத் சிம்மர்மன் என்றொரு பெண்மணி இருந்தார். 1910ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பிறந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்ந்து, 1999ஆம் ஆண்டு மறைந்தார். உடலின் கண்ணித்தொகையை நூறு என்று கொண்டு, சட்டையின் மற்றப் பகுதிகளையெல்லாம் அதன் விழுக்காடாகச் சொன்னவர் அவர். மணிக்கட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு; மேற்கைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு; கழுத்துக்கு ஐந்தில் இரண்டு பங்கு. நம் 130-க்கு மணிக்கட்டு 26, மேற்கை 43 அல்லது 44, கழுத்து 52. நூல் பருமனானாலும் மெலிதானாலும், அணிபவர் குழந்தையானாலும் பெரியவரானாலும் விகிதம் அநேகமாக மாறுவதில்லை. 1971ஆம் ஆண்டிலே வெளிவந்த அவருடைய நூல் பல பதிப்புகள் கண்டிருக்கிறது. பிறர் எழுதிய மாதிரிக்கு அடிமையாகாமல் தாமே கணக்கிட்டுப் பின்னுங்கள் என்பதே அவர் ஓயாது சொல்லிவந்தது. பஞ்சப்படியை விழுக்காட்டிலேயே கணக்கிட்டுப் பழகிய என்போன்றோர்க்கு அவர் நெருங்கிய உறவினர்போலத் தோன்றுகிறார்.

வண்ணம் சேர்க்கும்போது மற்றொரு கணக்கு வரும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லந்துத் தீவுக்கூட்டத்தில் ஃபேர் ஐல் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்குள்ளோர் பல வண்ணங்களில் பின்னும் பின்னல் உலகப் புகழ் பெற்றது. அப்போது வேல்ஸ் இளவரசராயிருந்து, பின்னர் எட்டாம் எட்வர்டு மன்னரானவர், அத்தகைய சட்டையை 1922ஆம் ஆண்டு கோல்ஃப் மைதானத்திலே அணிந்து நின்றார். நாகரிக உலகம் முழுவதும் அதன் பின்னே ஓடிற்று. எத்தனை வண்ணம் கண்ணுக்குத் தெரிந்தாலும், ஒரு வரிசையிலே இரண்டு வண்ணங்களுக்குமேல் கையாளாமையே அப்பின்னலின் மரபு. ஒரு நூல் பின்னும்போது மற்றொன்று பின்புறமாகத் தொங்கிச் செல்லும். அத்தொங்கல் ஐந்து கண்ணிகளைத் தாண்டினால் குழந்தையின் விரல் அதிலே மாட்டிக்கொள்ளும். ஆகையால் உருவத்தை வரையும்போதே, ஐந்து கட்டத்துக்குள் வண்ணம் மாறிவருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இயலாத இடத்திலே இடையில் ஒருமுறை நூலை நூலோடு முறுக்கிவிட வேண்டும். ஒரு தொப்பிக்கு 96 கண்ணி என்றால், 6, 8, 12, 16, 24 ஆகிய எந்த அகலமுள்ள உருவமும் மீதியின்றிச் சுற்றிவரும். 14 என்றால் வாராது. அதற்கு 98 வேண்டும். இரண்டு கண்ணியைக் கூட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மீச்சிறு பொது மடங்கு வாழ்க்கையில் எதற்குப் பயன்படும் என்று ஆசிரியரைக் கேட்கும் பிள்ளைகள் முன்வரிசையிலே இருந்தால், இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இனிக் கைவினை மாற்றுக்கு வருகிறேன். மேலைநாடுகளிலே பின்னற்குழுவினரிடையே பரவியுள்ள வழக்கம் இது. சேர்ந்தவர் அனைவரின் பெயர்களையும் சீட்டிலே எழுதிக் குலுக்குவர். எவர் பெயர் எவருக்கு வந்ததோ, அவருக்காக அவர் ஒரு பொருளைத் தம் கையால் செய்து, குறித்த நாளிலே கொடுப்பர். அதுவரையில் இரகசியம். பெரும்பாலும் ஒரு பொருட்புலமும் அதற்கு உண்டு. சென்ற ஆண்டு நாம் எடுத்துக்கொண்டது 'மாய உலகம்'.

ஏன் மாய உலகம் என்று வினவியவர்கள் உண்டு. ரோஜாப்பூவைப் பின்னினால், "ரோஜா இப்படியா இருக்கும்?" என்று எவரும் குறை கூறலாம். யாளியைப் பின்னினால் யார் கூறுவர்? மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்திலே கல்லில் கண்டிருக்கிறோம்; உயிரோடு கண்டவர் இல்லை. புதிதாக மாதிரி வகுப்போர்க்கு அது பெரிய விடுதலை. ஆயினும் அவ்விடுதலை எல்லையற்றதன்று. குழந்தைச் சட்டையின் முன்புறம் 65 கண்ணி. அதன் நடுவில் 35 கண்ணி அகலமும் 49 வரிசை உயரமுமாக, ஏழங்குலச் சதுரத்துக்குள் யாளி நிற்கவேண்டும். சிற்பி செதுக்கிய பிடரிச் சுருளுக்கெல்லாம் அங்கே இடமில்லை. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? பிடரிச் சுருளை விட்டோம், நகங்களை விட்டோம், வாலை ஒரே கோடாக்கினோம். துதிக்கையையும், தூக்கிய முன்காலையும், பிதுங்கிய கண்ணையும் மட்டும் விடவில்லை. அந்தக் கண்ணுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு வெண்கண்ணிகள். அவற்றை ஒரு கட்டம் பின்னுக்குத் தள்ளி வைத்தால் யாளி சாதுவான பசுவாகிவிடுகிறது. என் மனைவியும் நானும் அந்த ஒரு கட்டத்துக்காக இரண்டு இரவுகள் வாதிட்டோம்.

மற்றொரு பையனுக்கு ஹாரி பாட்டர் வேண்டும் என்றான். நம் கதைகளிருக்க அயல்நாட்டுக் கதை எதற்கு என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் மறுத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1997ஆம் ஆண்டு வெளிவந்த அக்கதையின் முதற்பகுதியிலே, ஒரு தாய் தம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கம்பளிச்சட்டை பின்னுகிறார். பெயரின் முதலெழுத்தைச் சட்டையிலே பொறிக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. பெற்றோரை இழந்த சிறுவனுக்கும் மறவாமல் ஒன்று பின்னி அனுப்புகிறார். மந்திரக்கோலைக் காட்டிலும் அந்தச் சட்டை எனக்குப் பெரிதாய்ப் படுகிறது. இதிலே அயல் எங்கே இருக்கிறது? அப்பையனுக்குப் பின்னியவர், ஆங்கில எழுத்துக்கு மாறாக அவன் பெயரின் தமிழ் முதலெழுத்தை வைத்தார். வீட்டிலே தமிழ் பேசியும் எழுத்தை மறந்துவரும் நம் பிள்ளைகள் பலர் தத்தம் எழுத்தைக் கேட்டு என் வீட்டுக்கு வந்தது அதன் பிறகுதான். தமிழ் எழுத்தைக் கட்டத்துக்குள் அடக்குவது எளிதன்று. 'ப' மூன்று கோடு. 'ட' இரண்டே கோடு. ஆனால் டகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலிலே வாராது என்று இலக்கணம் தடுத்துவிட்டது! 'இ'யும் 'அ'வும் சுழியும் வளைவுமாய் வந்து கண்ணி கண்ணியாய்ப் பிராணனை வாங்கின.

கணக்கில்லாமலும் மாயம் விளையும் என்பதற்கு ஒரு சான்று சொல்லுகிறேன். 1974ஆம் ஆண்டிலே பி.பி.சி. தொலைக்காட்சியின் 'டாக்டர் ஹூ' என்னும் தொடருக்காக, டாம் பேக்கர் என்ற நடிகருக்குக் கழுத்துத்துணி ஒன்று வேண்டியிருந்தது. உடை வகுப்பாளர் ஜேம்ஸ் ஆச்சிசன், பிகோனியா போப் என்னும் அம்மையாரிடம் பலவண்ண நூலைக் குவியலாய்க் கொடுத்தனுப்பினார். வேண்டிய வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பார் என்பது அவர் எண்ணம். அம்மையாரோ, கொடுத்ததெல்லாம் பின்னுவதற்கே என்று கருதி, நூல் தீருமட்டும் பின்னிவிட்டார். ஆளின் உயரத்தைத் தாண்டித் தரையிலே புரண்ட அந்தத் துணிதான் அக்கதாநாயகனின் அடையாளமாய் நிலைத்தது. அளவு குறிக்காத இண்டெண்டு எங்கள் ஸ்டோர்ஸுக்கு வந்திருந்தால் ஆட்சேபக் குறிப்போடு திரும்பியிருக்கும்; உலகம் ஒரு புகழ்பெற்ற கழுத்துத்துணியை இழந்திருக்கும்.

சென்ற ஆண்டு இருபத்தாறு வீடுகள் மாற்றிலே சேர்ந்தன. பொருள் பரிமாறிக்கொண்ட மாலையிலே இருபத்தைந்து பொட்டலங்கள் பிரிந்தன. பாயிண்ட்ஸ்மேன் ஒருவரின் மகள், எட்டு வயதுச் சிறுமி, கையை மடியிலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரை எடுத்திருந்த குடும்பத்துக்குப் பத்து நாள் முன்பு மாறுதல் உத்தரவு வந்து, மூட்டை முடிச்சோடு வேறு டிவிஷனுக்குப் போயிருந்தார்கள். நம் வாழ்விலே இது புதிதன்று, யாரையும் நோவதற்கில்லை. ஆனால் அதையெல்லாம் அந்தக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? தலைவர் அவர்கள் கடையிலிருந்து ஏதேனும் வாங்கிவரச் சொன்னார். அவள் தலையை அசைத்து, வேண்டாம் என்றாள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பீஜி அவளைத் தம் அருகிலே அழைத்து, "உனக்கு என்ன வரவேண்டும்?" என்றார். "வேதாளம்" என்றாள் சிறுமி.

என் தலைமுறைக்கு வேதாளம் என்றால் 'அம்புலிமாமா'. 1947ஆம் ஆண்டு தொடங்கிய அவ்விதழிலே, தோளில் சடலமும் கையில் வாளுமாய் விக்கிரமன் நடந்துவரும் படத்தைத் தீட்டியவர், 2020ஆம் ஆண்டில் மறைந்த ஓவியர் சங்கர். இதழ் நின்று பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அச்சிறுமியின் தந்தை பழைய இதழ்கள் சிலவற்றைத் திருச்சியிலிருந்து கொண்டுவந்து பத்திரமாய் வைத்திருக்கிறார். அவள் அவற்றைப் பார்த்தே தமிழ் எழுத்துக் கூட்டுகிறாள். அன்று அவள் பாதி இந்தியும் பாதி பஞ்சாபியுமாக பீஜிக்குக் கதை சொல்லத் தொடங்கினாள். பீஜி இரண்டாம் வாக்கியத்திலேயே, "அட, நம் பேதால்!" என்றார். விக்கிரமனும் வேதாளமும் இந்நாடு முழுவதற்கும் சொந்தமல்லவா!

தகராறு மரத்திலே வந்தது. பீஜி கேட்டு வளர்ந்த கதையிலே பேதால் தொங்குவது அரசமரம். நம் வேதாளம் முருங்கை மரத்தைவிட்டு அசையாது. முருங்கை இலை எத்துணைச் சிறிது! அங்குலத்துக்கு ஐந்து கண்ணியிலே அதை எப்படிக் காட்டுவது? "அரச இலை அழகாய் நெஞ்சுவடிவில் வரும், அதைப் பின்னுகிறேன்" என்றார் பீஜி. "முருங்கைதான்" என்றாள் சிறுமி. நான் கட்டத்தாளை எடுத்தேன். இலைக்கு ஒரே கண்ணி. இரண்டிரண்டாக, காம்பின் இருபுறமும் புள்ளிவைத்தாற்போல். அதைப் பார்த்த பீஜி, "மரத்துக்குப் பேன் பிடித்தாற்போல் இருக்கிறது, புத்தர்" என்றார். சிறுமி தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுதான் முருங்கை" என்று தீர்ப்பளித்தாள்.

தொப்பிக்கு 96 கண்ணி. நான்காகப் பகுத்தால் 24. ஒவ்வோர் இருபத்து நான்கிலும் ஒரு மரம், ஒரு வேதாளம். மாதிரிப்படத்தை எப்பொழுதும் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். வட்டமாய்ப் பின்னும்போது ஒவ்வொரு வரிசையும் வலமிருந்து இடமாகவே போகும். ஆகவே தொப்பியின் விளிம்பிலிருந்து தொடங்கினால் மனிதர்க்குக் கால் முதலில் வரும். தலைகீழாய்த் தொங்கும் வேதாளத்துக்கோ தலை முதலில் வந்தது. இருபத்தெட்டு வரிசையில், அதாவது நான்கங்குலத்தில், கால் கிளையைத் தொட்டது. விக்கிரமனுக்கு இடம் போதவில்லையே என்று நான் வருந்தியபோது சிறுமி சொன்னாள்: "மாமா, வேதாளம் என் தலைமேலேதானே இருக்கப்போகிறது? அப்பொழுது நான்தானே விக்கிரமன்!"

ஐந்து மாலைகளிலே தொப்பி முடிந்தது. பேயுருவம் குழந்தையின் தலையிலா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தனர். அவள் அக்குளிர்காலம் முழுவதும் அதைக் கழற்றவில்லை என்பதே அவர்களுக்கு விடை.

இப்பொழுது நான் கேட்க வந்த உதவி. பீஜியின் மகன் வரும் ஏப்ரல் மாத இறுதியிலே ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு அவர்கள் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். பீஜிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அறிந்த மாதிரிகள் எத்தனை என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் சிரித்து நிறுத்திவிட்டார். அவற்றுள் ஒன்றும் தாளிலே இல்லை. லூதியானா இங்கிருந்து சில மணி நேரப் பயணம். அங்கே பொறிகள் பின்னித்தள்ளும் சட்டைகள் மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கின்றன. நானும் வாங்கி அணிகிறேன். அதைக் குறைகூற மாட்டேன். ஆனால் வீட்டிலே பின்னுவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனர். பீஜியின் பேத்திகள் எவரும் ஊசியைத் தொடுவதில்லை.

சென்ற கோடையிலிருந்து, அவர் முன்பு பின்னிய பழஞ்சட்டைகளை வாங்கி, ஒவ்வொரு கண்ணியாய் எண்ணி, கட்டத்தாளிலே ஏற்றிவருகிறேன். இதுவரை பதினொன்று முடிந்திருக்கின்றன. முதல் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். எழுத்தறியாதவர்க்கு இது என்ன விளங்கும் என்று அருகிலிருந்த அவர் மகன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பீஜி தாளின் கீழ் மூலையிலே விரலை வைத்து, வலமிருந்து இடமாக, மறுபடி மேல்வரிசையில் இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போனார். உதடுகள் அசைந்தன. ஆறாம் வரிசையிலே நின்று, மகனை நிமிர்ந்து பார்த்து, "இது நீ பிறந்தபோது பின்னியது" என்றார். அவர் மகன் அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை. "உங்கள் பெயரைத் தாளிலே எழுதட்டுமா?" என்று கேட்டேன். "இது என்னுடையதன்று, என் நாத்தனார் சொல்லிக்கொடுத்தது" என்றார். நாத்தனாருக்கு யார் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டேன். அதற்கு அவர் நூலுருண்டையை என் பக்கம் உருட்டிவிட்டு, "நீ எண்ணு" என்றார். இருவர் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

நான் ஒருவனாய், அலுவலகம் விட்டு வந்தபின் எண்ணினால், ஏப்ரலுக்குள் இருபது தாளைத் தாண்ட முடியாது. எனவே இவ்வாண்டின் கைவினை மாற்றிலே சங்கத்தின் ஒப்புதலோடு சில மாறுதல்களைச் செய்திருக்கிறோம்.

பொருட்புலம் மாய உலகமே. யாளி, கின்னரர், பறக்கும் கம்பளம், ராட்சசனின் உயிரைத் தாங்கிய கிளி, எதுவும் ஆகலாம். ஆனால் பொருளின் எல்லைக்கோட்டிலோ, பின்னணியிலோ பீஜியின் மாதிரி ஒன்றேனும் இடம்பெற வேண்டும். அதை அவரிடமே போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். பிற்பகல் மூன்று மணிமுதல் ஐந்து மணிவரை முற்றத்து வெயிலிலே அமர்ந்திருப்பார். தேநீர் தாராமல் அனுப்பமாட்டார். பொருளோடு அதன் மாதிரிப்படத்தையும் கட்டத்தாளிலே வரைந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெறுபவர் ஒரு தாளைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஒரு படியைச் சங்க நூலகத்துக்குத் தருவார். பின்னத் தெரியாத ஆடவர்கள் படம் வரையலாம், எண்ணலாம், நூல் சுற்றலாம். இனி அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இல்லை.

நூல் ஒருவருக்கு 100 கிராம். அதாவது 50 கிராம் உருண்டைகள் இரண்டு. அதற்குமேல் கூடாது. குவார்ட்டர்ஸில் வகை உண்டு. குலுக்கும் குடத்திலே வகை இல்லை. எவர் வீட்டுப் பொருளும் எவர் வீட்டுப் பொருளையும் நாணச் செய்துவிடலாகாது. அக்கம்பக்கத்துப் பஞ்சாபி, வங்காளி, பீகார்க் குடும்பங்களும் சேரலாம். பீஜியே முதற்சீட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார். இடையிலே மாறுதல் உத்தரவு வந்துவிட்டால் மறைக்காமல் உடனே செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். அவ்விடத்தை நிரப்ப இரண்டு வீடுகள் ஆயத்தமாய் ஒவ்வொரு தொப்பி பின்னி வைத்திருக்கும். அவற்றுள் ஒன்று எங்கள் வீடு. சென்ற ஆண்டின் சிறுமி, தனக்கு இப்பொழுது உல்டாவும் தெரியுமாகையால், தன்னைப் பெரியவர்கள் பட்டியலிலே சேர்க்கவேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். தமிழிலே எழுதியிருக்கிறாள். செயலாளர் அதை ஏற்றுக்கொண்டார்.

பொருள் மாற்றிக்கொள்ளும் நாள் ஜனவரி 13. அன்று மாலை அவர்கள் லோஹ்ரித் தீ மூட்டுவார்கள். நமக்குப் போகியும் அதையொட்டியே வரும். காலனி மைதானத்திலே ஒரே தீ போதும் என்று இருதரப்பும் பேசி முடித்தாயிற்று. இன்னும் ஏறத்தாழப் பத்து வாரங்கள் இருக்கின்றன. கைதேர்ந்தவர்க்குத் தொப்பி ஐந்து மாலை வேலை. புதியவர்க்கு ஒரு மாதம் ஆகும்.

சீட்டுக்குடம் மேடையின் வலப்புறத்திலே, நாடகத் திரைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பெயர், தலையின் சுற்றளவு, பிடித்த வண்ணம், பிடிக்காத வண்ணம், விரும்பும் மாயப்பிராணி ஆகிய ஐந்தையும் சீட்டிலே எழுதிப் போடுங்கள். தலையை அளக்க நாடா என் மனைவியிடம் இருக்கிறது. கட்டத்தாள் என்னிடம் இருக்கிறது. 5-க்கு 7 என்ற விகிதத்திலே கோடிட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு நான்கு தாள். நாடகம் தொடங்குமுன் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.